வீட்டில் யார் சொல்லித் தருவார்கள்?

“அந்தக் கேள்வியை இந்த வருஷம் கேட்காதீங்க சார்.”

சொல்லிவிட்டேன். ஆசிரியர் அறையில், கூட்டத்தின் நடுவில், எல்லோர் முன்னாலும். மறுநாள் பள்ளி திறப்பு. தலைமையாசிரியர் புதிதாக அச்சடித்து வந்திருந்த பதாகையை மேசைமேல் விரித்து, மடிப்புச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். ‘புதிய ஆண்டை ஒன்றாகத் தொடங்குவோம்.’ அவருடைய உள்ளங்கை ‘ஒன்றாக’ என்ற சொல்லின்மேல் நின்றது.

“எந்தக் கேள்வி?” என்றார்.

எந்தக் கேள்வி என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த குடை டீச்சர் மேசைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார். வெயிலோ மழையோ, கூரைக்கு உள்ளேயோ வெளியேயோ, குடையைக் கையிலிருந்து இறக்காதவர். நான் இங்கே படித்த காலத்திலேயே அவருக்கு அந்தப் பெயர். கூட்டத்துக்கு முன்னால்தான் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தார்: “புதுசா வந்திருக்க. எதை வேணா கேளு. மேசை கேளு, பூட்டு கேளு, ஜன்னலுக்குக் கண்ணாடி கேளு. அதை மட்டும் கேட்காதே. அவரு பெறாம வளர்த்த பிள்ளை அந்தக் கேள்வி.”

“வீட்ல யார் பாடம் சொல்லித் தருவாங்கன்னு மேடையில வச்சுக் கேப்பீங்களே, அது,” என்றேன்.

எங்களுடையது நடுநிலைப்பள்ளி. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் சுற்றியுள்ள சின்னப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்வார்கள். முதல் நாள் பெரிய கூடத்தில் வரவேற்பு. ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வரவேண்டும். தலைமையாசிரியர் குனிந்து, தோளில் கை போட்டு, ஒலிபெருக்கியில் சிரித்துக்கொண்டே கேட்பார். அப்பா, அம்மா என்று பிள்ளை சொன்னால், “அவங்க என்ன படிச்சிருக்காங்க?” படிப்பு போதுமானதாக இருந்தால் அவர் கை வலது பக்கம் நீளும். யாருமில்லை என்று பிள்ளை சொன்னால் இடது பக்கம். வலது பக்கம் நிற்பது ஏ பிரிவு. இடது பக்கம் பி. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளோ ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லும்.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளில்லை, அதுதான் அவரோடு பெரிய தொல்லை. “வீட்ல துணை இல்லாத பிள்ளை மேல சுமையை ஏத்தக் கூடாதும்மா. அதுங்க மெதுவாப் போகட்டும்னுதான் தனியா வைக்கிறோம். இரக்கத்துல செய்யுறது.”

“மெதுவாப் போனா பரவாயில்ல சார். பி வண்டி கொட்டகையை விட்டே கிளம்புறதில்லையே.”

யாரோ சிரிக்கப் போய் இருமலாக்கிக்கொண்டார்கள்.

“உன்னை ஏ-ல போட்டதும் அதே கேள்விதானே?” என்றார் அவர். “ஏறின ஏணியை எட்டி உதைக்கலாமா?” பிறகு பதாகையை மடித்தபடி, ஒன்றுமே நடக்காததுபோல, “ஆறு ஏ-க்கு நீதான் வகுப்பாசிரியை. உன் அக்கா பொண்ணும் இந்த வருஷம் வருதாமே. நல்லதாப் போச்சு, உன் கண்ணு முன்னாடியே இருக்கும்,” என்றார்.

வாயில் சர்க்கரையைப் போட்டு மூடிவிட்டார். நானும் மூடிக்கொண்டேன்.

*

என் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் ஆறாவது சேர்ந்தபோதும் இதே கூடம், இதே கேள்வி, கேட்டவர் மட்டும் வேறு. வீட்டில் பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அதனால் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “யாருமில்ல சார்!” என்றாள். இடது பக்கம் போனாள். எட்டாவது முடியும் வரை இடது பக்கமே இருந்தாள். விழா என்றால் கூடத்தில் நாற்காலி போடுவதும் எடுப்பதும் பி பிரிவின் வேலை. “பள்ளிக்கூடத்துல என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா, சத்தம் வராம நாற்காலி அடுக்கக் கத்துக்கிட்டேன்,” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எட்டாவதோடு நின்று, துணி ஆலையில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள்.

என் முறை வந்தபோது, பள்ளி திறப்புக்கு முந்தின நாள், எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு யாருமில்லன்னு சொன்னா பல்லை உடைப்பேன். அக்கான்னு சொல்லு.”

“அக்கா என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டா?”

வாயில் கவ்வியிருந்த கொண்டை ஊசியை எடுத்துவிட்டு யோசித்தாள். “‘படிச்சுக்கிட்டே இருக்காங்க’ன்னு சொல்லு.”

அப்படியே சொன்னேன். வலது பக்கம் போனேன். அன்று மாலை தோளெல்லாம் நூல் துணுக்கோடு வேலையிலிருந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் என் முன்னால் சப்பணமிட்டாள். “பொய் சொல்லியாச்சு. இனிமே அதை உண்மையாக்கணும். எடு புத்தகத்தை.”

அவளுக்குத் தெரியாத பாடத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் விரல் வைத்துப் படிப்பாள், புரியும்வரை விடமாட்டாள், பிறகு அதையே எனக்குத் திருப்பிச் சொல்லித் தருவாள். “பின்னம்னா என்னடி, பின்னல் மாதிரியா?” என்று கேட்டாள் ஒருநாள். நான் உருண்டு உருண்டு சிரித்தேன். என் சடையைப் பிடித்து இழுத்து, “மூணுல ஒண்ணு என் கையில இருக்கு, இது பின்னமா பின்னலா சொல்லு,” என்றாள். பின்னம் எனக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

கல்யாணமாகி, மாமா லாரியோடு ஊர் ஊராகப் போக, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் அவள் என் புத்தகத்தை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது என்கிறார்கள். பட்டமளிப்பு மேடையில் என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார்கள்.

*

“கேட்டுட்டியா?” என்றாள் அக்கா, நான் செருப்பைக் கழற்றுவதற்குள். என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

“கேட்டேன்.”

“கேட்காதேன்னு காலையில கெஞ்சினேனே! தண்ணியில நின்னுக்கிட்டு முதலைகிட்டயா மல்லுக்கு நிப்ப? வேலைக்குச் சேர்ந்து மூச்சு விடல, அதுக்குள்ள மகாராணிக்கு நியாயம் பேசணும்.” கரண்டியை ஓங்கிக்கொண்டே நின்றாள். “என் பிள்ளை படிச்சு வெளிய வரட்டும். அப்புறம் நீ அந்தப் பள்ளிக்கூடத்தையே இடி, நான் கடப்பாரை எடுத்துக்கிட்டு வரேன்.”

“ஏ பிரிவு எனக்குத்தான் குடுத்திருக்காங்க.”

கரண்டி இறங்கியது. “நிஜமாவா?” முகம் மலர்ந்து என் கன்னத்தை வழித்துக்கொண்டாள். “அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வருவீங்க.” உடனே உள்ளே திரும்பி, “ஏய் மிளகு! இங்க வா,” என்றாள்.

மிளகு அவள் மகள். பிறக்கும்போது அவ்வளவு சின்னதாக இருந்தாள். பேச்சு வந்தபிறகு காரமும் சேர்ந்துகொண்டது.

“நாளைக்கு மேடையில வீட்ல யார் சொல்லித் தராங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?”

“நீ.”

“சித்தின்னு சொல்லணும்.”

“சித்தி எங்க சொல்லித் தராங்க? விடுதியில இருந்தாங்க. வீட்டுக்கு வந்தா போன்ல இருந்தாங்க.”

“வாய்க்கு வாய் பேசாதே. சித்தி. சித்தி என்ன படிச்சிருக்காங்க?”

“கணக்கு. ஆனா என் கணக்கைப் பார்த்ததில்ல.”

சிரிப்பு வந்தது எனக்கு. உறைக்கவும் செய்தது. அக்கா அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். மிளகு ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள், கண்ணை மட்டும் கூரையில் வைத்துக்கொண்டு.

*

மறுநாள் காலை மூவரும் சேர்ந்தே நடந்தோம். அக்கா ஆலையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நல்ல உடை, அதிலும் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். “இருக்கட்டும், அது என் அடையாள அட்டை.” மிளகின் ஒரு கை அவளிடம், ஒரு கை என்னிடம். புதுப் பை முதுகில் குதித்தது. வாழ்க்கையில் சில நடைகள் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றும். அந்த நடை அப்படி.

கூடத்தில் ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்றுதான் புது வருஷம். மேடையில் பதாகை கட்டியிருந்தது. அக்கா கடைசி வரிசையில் உட்காருமுன் நாற்காலியைப் பழக்கத்தில் நேராக்கி வைத்தாள். நான் ஏ பிரிவின் ஆசிரியை என்ற முறையில் மேடைக்கு வலது பக்கச் சுவரோரம் நின்றேன். எதிர்ப்பக்கம் குடை டீச்சர். பி பிரிவு அவருக்கு. பல வருஷமாக அவருக்குத்தான்.

கேள்வி தொடங்கியது. “எங்கப்பா, பொறியாளர்.” வலது. “எங்கம்மா, வங்கியில இருக்காங்க.” வலது. “யாருமில்ல.” இடது. “அண்ணன்.” “அண்ணன் என்ன படிக்கிறான்?” “படிக்கல சார், வண்டி ஓட்டுறான்.” இடது. ஒரு பையன் வலதா இடதா என்று குழம்பி நேராக நடந்து படியில் தடுக்கினான். கூடம் சிரித்தது.

மிளகு ஏறினாள். ஒலிபெருக்கி அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. தலைமையாசிரியர் குனிந்து அதை இறக்கினார். அவருக்கு அவளை முகம் பார்த்துத் தெரியாது.

“வீட்ல யாரும்மா பாடம் சொல்லித் தருவாங்க?”

மிளகு என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் கடைசி வரிசையைப் பார்த்தாள். அக்கா வாயசைத்தாள், எனக்கே தெரிந்தது: சித்தி.

“எங்கம்மா,” என்றாள் மிளகு.

“அம்மா என்ன படிச்சிருக்காங்க?”

“எட்டாவது. அப்புறம் என்கூடச் சேர்ந்து மறுபடியும் ஒண்ணாவதுலேருந்து படிச்சு, இப்ப அஞ்சாவது முடிச்சிட்டாங்க.”

கூடம் வெடித்தது. கெட்ட சிரிப்பில்லை, குழந்தை சொன்னதை ரசித்த சிரிப்புதான். அதில் கடைசி வரிசையில் ஒருத்திக்குத் தலை தாழ்ந்து போனதை வேறு யாரும் பார்க்கவில்லை. தலைமையாசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இடது.

மிளகு பெருமையாக நடந்துபோய் குடை டீச்சர் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து எனக்குக் கையாட்டினாள்.

*

வரவேற்பு முடிந்ததும் தலைமையாசிரியர் அறைக்கு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நான், அக்கா, மிளகு. குடை டீச்சர் விஷயத்தை அவர் காதில் போட்டிருக்கிறார், நல்லது செய்யத்தான். குடையை ஊன்றிக்கொண்டு அவரும் கதவோரம் நின்றார்.

“உன் அக்கா பொண்ணுன்னு ஒரு ஜாடை காட்டியிருக்கலாமே,” என்றார் தலைமையாசிரியர் என்னிடம். “போகட்டும், ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா எல்லார் முன்னாலயும் இடது பக்கம் போன பிள்ளை. நானா மாத்தினா நாளைக்கு நாலு பேரு வந்து நிப்பாங்க. பிள்ளை வாயால வரணும். பயத்துல மாத்திச் சொல்லிட்டா, அவ்வளவுதான். மறுபடி கேக்குறேன், சரியாச் சொல்லட்டும்.” மிளகின் பக்கம் குனிந்தார். மேடையில் சிரித்த அதே சிரிப்பு. “வீட்ல யாரும்மா பாடம் சொல்லித் தருவாங்க?”

“எங்கம்மான்னு சொன்னேனே.”

“சித்தின்னு சொல்லு,” என்றாள் அக்கா.

“நீதானம்மா சொல்லித் தர்ற?” மிளகு அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் இல்ல.”

“என்னம்மா பேசுற? நேத்துகூட…”

“நான் இல்லன்னு சொல்றேன்ல!” அக்காவின் குரல் தட்டையாக, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வந்தது. “எனக்கு என்ன தெரியும், நான் சொல்லித் தர? நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவ சித்திதான் எல்லாம்.”

மிளகு அவள் கையை விட்டுவிட்டாள். உதறவில்லை. புத்தகத்தை மூடுவதுபோல, தானாக விட்டாள்.

ஒரு பொய்யை உண்மையாக்க என் அக்கா எத்தனை வருஷம் தூக்கத்தை விட்டாள் என்பது எனக்குத் தெரியும். அந்த உண்மையை மறுபடி பொய்யாக்க அவளுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஒரு நல்ல மனிதர், சிரித்த முகத்தோடு, ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு மிளகு அவளிடம் பாடம் கேட்டு நான் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், கூப்பிடமாட்டாள்.

“சித்தி,” என்றாள் மிளகு, தரையைப் பார்த்து.

“கெட்டிக்காரி,” என்றார் தலைமையாசிரியர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. நீதானே சொல்லித் தர்ற?”

‘இல்லை’ என் நாக்கு நுனியில் இருந்தது. நேற்று அத்தனை பேர் முன்னால் வாய் கிழியப் பேசியவள் நான். அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பல்லை உடைப்பேன் என்று சொன்ன அதே பார்வை. அந்தப் பார்வையில்தான் நான் வலது பக்கம் போனேன், கல்லூரி போனேன், இந்த அறைக்குள் ஆசிரியையாக வந்தேன். என் கோபத்துக்கு விலையாக அவள் பிள்ளையைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

“ஆமா,” என்றேன்.

“முடிஞ்சுது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாடு.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “கூட்டிட்டுப் போம்மா உன் வகுப்புக்கு.”

“என் வகுப்பு ஆறு பி சார்.”

“என்னது?”

“பி எனக்கு வேணும். ஏ-க்கு அவங்க போகட்டும்,” என்று கதவுப் பக்கம் கை காட்டினேன். குடை டீச்சரின் குடை தரையில் வழுக்கி விழுந்தது. முதல் முறையாக அவரைக் குடையில்லாமல் பார்த்தேன்.

“விளையாடுறியா? வேலை நிரந்தரமாகுற வரைக்கும் என் கையெழுத்துதான். பி-க்குப் போனவங்க திரும்பி வந்ததில்ல. அவங்களையே கேளு.”

“வந்ததில்ல,” என்றார் குடை டீச்சர், குடையை எடுக்காமலே.

“பைத்தியமாடி உனக்கு?” அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் அழுந்தியது. “உன்னை நம்பித்தானே… அவ தனியா அங்க உக்காரவா? நான் எதுக்கு இப்ப இப்படி… எதுக்குச் சொன்னேன் நான்?”

எதுக்குச் சொன்னாய் அக்கா? அதைத்தான் நானும் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

“ஏ நல்ல வகுப்புதான் அக்கா. டீச்சர் நல்லாச் சொல்லித் தருவாங்க,” என்றேன். என் காதுக்கே அது அந்நியமாக ஒலித்தது.

“சித்தி,” என்றாள் மிளகு. இப்போதும் நிமிரவில்லை. “நீங்களும் சொல்லித் தர மாட்டீங்களா?”

‘உங்கம்மா சொல்லித் தருவா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா தலையை அசைத்தாள், மெல்ல, ஒரே ஒரு முறை. அந்த வாக்கியத்தை இந்த அறையில் யாரும் இனி சொல்ல முடியாது. சொன்னால் மறுபடி இடது பக்கம்.

மிளகின் பையில் ஒரு வார் முறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தேன். அக்காவின் தோளில் அந்த நூல் துணுக்கு இன்னும் இருந்தது. அதை எடுக்கவில்லை. அவள் விரல்களை என் முழங்கையிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினேன். கடைசி விரல் மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது.

“யோசிச்சு நாளைக்குச் சொல்லும்மா,” என்றார் தலைமையாசிரியர், இரக்கத்தோடு.

யோசிக்க ஒன்றுமில்லை. ‘நான் இல்ல’ என்று அக்கா சொன்னபோதே முடிந்துபோயிற்று; அப்படிச் சொல்லவைத்த வலது பக்கத்தில் இனி என்னால் நிற்க முடியாது. மேசைமேலிருந்த சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். குடையை எடுத்துக் குடை டீச்சர் கையில் கொடுத்தேன். கூடத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலைக்கு என் புது வகுப்பையும் கூப்பிட்டிருப்பார்கள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர்கள் இன்னும் பழகவில்லை.

அக்கா கூப்பிடவில்லை. நான் கதவைத் தாண்டினேன்.